பொது அறக்கட்டளைகளுக்குத் தனிச் சட்டம் கேட்கும் மனு: கையெழுத்திடலாமா?

மாலைப்பள்ளிப் பொருளாளர்:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் மாலைநேரப் பள்ளி நடத்தும் சிறிய அறக்கட்டளையில் பதினோரு ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். 1998-இல் பத்திரம் பதிவானது. ஆண்டு வரவு நான்கு லட்ச ரூபாயைத் தாண்டியதில்லை. ஆறு சென்ட் இடத்தில் ஓட்டுக் கட்டடம் ஒன்று, அறுபது பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், பாடம் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு கை சுண்டல். எங்கள் சொத்தும் பணியும் இவ்வளவுதான்.

2021-இல் பெற்ற ஐந்தாண்டு வருமான வரிப் பதிவு 2026 மார்ச் 31-உடன் முடியும் என்பது எங்களுக்குத் தெரியும். முடிவதற்கு ஆறு மாதம் முன்பே, அதாவது 2025 செப்டம்பர் 30-க்குள், புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும் என்பது அந்த மாதம் 26-ஆம் தேதிதான் தெரியவந்தது. கவனிக்காமல் விட்டது எங்கள் தவறுதான். இணையதளத்தில் நுழைய முயன்றபோது ஒருமுறைக் கடவு எண் எங்கள் நிறுவனர் ஐயாவின் கைபேசிக்குப் போனது. அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாங்கள் எண்ணை மாற்றிப் பதிந்திருக்கவில்லை. தாத்தாவின் எண் போய்விடக் கூடாது என்று அவருடைய பேத்தி மாதந்தோறும் ரீசார்ஜ் செய்து வைத்திருந்ததால் தப்பித்தோம். கல்லூரியில் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது வெளியே வந்து அந்தப் பிள்ளை ஆறு இலக்கங்களையும் படித்துச் சொன்னாள். 29-ஆம் தேதி பிற்பகலில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகுதான் எங்கள் ஆடிட்டர், தேதி தவறியிருந்தால் கட்டடத்தின் சந்தை மதிப்புக்கே வரி கேட்கும் வழி சட்டத்தில் இருக்கிறது என்று சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊரார் செங்கல் செங்கலாகக் கொடுத்துக் கட்டிய இடம் அது.

இப்போது எங்கள் மாவட்டத்தில் உள்ள இருபதுக்கும் மேற்பட்ட சிறு அறக்கட்டளைகள் கூடி, தமிழ்நாட்டில் மகாராஷ்டிரத்தைப் போலப் பொது அறக்கட்டளைகளுக்கென ஒரு சட்டமும் அதற்கென ஓர் ஆணையரும் வேண்டும் என்று அரசுக்கு மனு அளிக்கப் போகின்றன. எங்களையும் கையெழுத்திடக் கேட்டிருக்கிறார்கள். 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் எங்களைப் போன்றவர்களின் சுமையைக் குறைத்திருக்கிறதா, அல்லது இன்னுமொரு சட்டத்தை நாமே கேட்டு வாங்கத்தான் வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பட்டயக் கணக்காளர் (25 ஆண்டுகளாக அறக்கட்டளைத் தணிக்கை):

ஐயா, முதலில் உங்கள் உடனடிக் கேள்விக்கு வருகிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டம், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பல மூலைகளில் சிதறிக் கிடந்த விதிகளை 332 முதல் 355 வரையிலான பிரிவுகளில், ‘பதிவுபெற்ற இலாப நோக்கற்ற அமைப்பு’ என்ற ஒரே பெயரின் கீழ்ச் சேர்த்திருக்கிறது. படிக்க எளிதாகியிருக்கிறது, கடமைகளில் பெரும்பாலானவை அப்படியேதான் இருக்கின்றன. வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்தந்த ஆண்டிலேயே நோக்கத்திற்குச் செலவிட வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

உங்களுக்கு உண்மையில் பயன்படும் மாற்றம் 2025 நிதிச் சட்டத்திலேயே வந்துவிட்டது. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வரிவிலக்குக்கு முந்தைய வருமானம் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் போகாத அமைப்புகளுக்குப் பதிவு ஐந்தாண்டுக்குப் பதிலாகப் பத்தாண்டு செல்லும். 2025 ஏப்ரலுக்குப் பின் விண்ணப்பித்ததால் உங்களுக்கும் இது பொருந்தும். ஆனால், நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி அனுமதியை அந்தத் திருத்தம் தொடவில்லை. அது ஐந்தாண்டாகவே விடப்பட்டது. இரண்டு உத்தரவுகளையும் எடுத்து, இரண்டு முடிவுத் தேதிகளையும் பெரிய எழுத்தில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஒன்றுக்குப் பத்தாண்டு என்ற நிம்மதியில் மற்றொன்றைத் தவறவிடும் அறக்கட்டளைகள் நிறைய இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

உங்கள் ஆடிட்டர் சொன்னது சரிதான். அறக்கட்டளை தன் நிலையை மாற்றிக்கொண்டு வெளியேறினால் சொத்துகளின் சந்தை மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்து, மிஞ்சுவதற்கு உச்சபட்ச விகிதத்தில் வரி விதிக்கும் பிரிவு 2016-இல் வந்தது. வரிவிலக்கில் சேர்த்த சொத்தை வணிக நிறுவனத்திற்குள் கரைத்துவிடுபவர்களைப் பிடிக்க அது தேவைதான். 2023-இல் அதையே, புதுப்பிக்கக் குறித்த காலத்தில் விண்ணப்பிக்காதவர்களுக்கும் நீட்டினார்கள். 2024 அக்டோபர் முதல், தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் ஆணையருக்குக் கிடைத்திருக்கிறது என்பதால் கத்தி கொஞ்சம் மேலே போயிருக்கிறது. தலைக்கு மேலிருந்து அகலவில்லை.

இப்போது மனுவைப் பற்றி. இத்தனை ஆண்டுகள் இந்தக் கணக்குகளைப் பார்த்ததில் என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மாநிலத்தில் அறக்கட்டளைகளை யாராவது கண்காணிக்கிறார்கள் என்றால் அது வருமான வரிச் சட்டம் மட்டுமே. அந்தச் சட்டத்தின் கேள்வி ‘இந்த அமைப்புக்கு வரிவிலக்கு தரலாமா’ என்பதுதான். அறங்காவலர் ஒருவர் தன் மைத்துனருக்கு அறக்கட்டளை இடத்தைச் சொற்ப வாடகைக்கு விட்டால், வரிச் சட்டம் அதைக் கண்டுபிடிக்கக்கூடும். கண்டுபிடித்து என்ன செய்யும்? விலக்கை மறுத்து வரி கேட்கும். அந்த வரியை மைத்துனரோ அறங்காவலரோ கட்டுவதில்லை. பிள்ளைகளின் படிப்புக்கென்று வைத்த பணத்திலிருந்து போகிறது. திருடு போன வீட்டுக்காரரிடமே அபராதம் வசூலிப்பது போன்றது இது. அறங்காவலரை நீக்க, போன சொத்தை மீட்க, நல்ல ஒருவரை அந்த இடத்தில் அமர்த்த வரி அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. அது அவர் வேலையும் அல்ல. ஆகவே தனிச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. எப்படிப்பட்ட சட்டம் என்பதில்தான் எனக்குக் கவலை.


ஓய்வுபெற்ற பதிவுத்துறை ஊழியர்:

ஆடிட்டர் ஐயா சொன்னதோடு சார்பதிவாளர் அலுவலகப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்திரம் பதிவானது என்றால் அரசு அந்த அறக்கட்டளையைக் கண்காணிக்கிறது என்று மக்கள் நினைக்கிறார்கள். நாங்கள் ஆவணத்தைப் பதிந்தோம், அவ்வளவே. அதன் பிறகு அறங்காவலர் மாறினாரா, பணி நடக்கிறதா, கணக்கு எழுதப்படுகிறதா என்று யாரும் எங்களிடம் சொல்வதும் இல்லை, நாங்கள் கேட்பதும் இல்லை. 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. பொது அறநிலைகளை அது முதல் பிரிவிலேயே விலக்கிவிடுகிறது. சங்கமாகப் பதிந்திருந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கோயில் சார்ந்த கட்டளையானால் 1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டம் வரும். இந்த இரண்டிலும் சேராத பொது அறக்கட்டளை, மாநிலச் சட்டத்தின் கண்ணில் ஏறக்குறைய இல்லாத ஒன்று.

அசையாச் சொத்து சேராத அறக்கட்டளைப் பத்திரம் பதிவு அலுவலகத்தில் 4-ஆம் புத்தகத்தில் ஏறும் என்பதையும் பலர் அறியமாட்டார்கள். வீடு நிலம் தொடர்பான 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். 4-ஆம் புத்தகத்தின் நகலை, 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவரும் அந்த ஆவணத்தின்கீழ் உரிமை கோருபவரும், அவர்களுடைய முகவரோ பிரதிநிதியோதான் பெற முடியும். ஊர் ஏழைகளுக்காக எழுதப்பட்ட பத்திரத்தை அந்த ஊர் ஏழை பார்க்க முடியாது. பணியில் இருந்தபோது இதைச் சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருந்தது.

தவறு நடந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு ஒன்றுதான் வழி. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் வழக்குத் தொடுக்கலாம்; அல்லது அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத் தொடுக்கலாம். அட்வகேட் ஜெனரல் வழியாகத் தருமத்தை மீட்பது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு, இந்தப் பிரிவு வரும் முன்பே பழைய சான்று உண்டு. 1794-இல் பச்சையப்ப முதலியார் மறைந்த பின், உயில் வழியே அவர் தருமத்திற்கென்று விட்டுச்சென்ற பணம் பல்லாண்டுகள் வழக்கில் சிக்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முனைந்து நின்றதால்தான் அது மீண்டு, எஞ்சிய தொகையில் 1842-இல் சென்னையில் பள்ளி எழுந்தது. ஆனால் எல்லாத் தருமத்துக்கும் ஒரு நார்ட்டன் வாய்ப்பதில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு சத்திரம் இருக்கிறது. ‘வழிப்போக்கர் தங்கிச் செல்ல’ என்று வாசல் கல்லில் வெட்டியிருக்கும். இப்போது அந்தக் கல்லுக்கு முன்னால் செருப்புக் கடையின் ரேக் நிற்கிறது. கடைவீதியைப் பார்த்த எட்டுக் கடைகள். கடைக்கு மாத வாடகை நாற்பது ரூபாய் என்று ரசீது. உள்வாடகை எத்தனை ஆயிரம் என்பது ஊருக்கே தெரியும். இரண்டு பெரியவர்கள் கைக்காசு போட்டு 92-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட்டார்கள். ஏழாம் ஆண்டில் ஒருவர் இறந்துபோனார். மற்றவர் இன்றும் வாய்தாவுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறார். அதனால் நான் கேட்டால், கையெழுத்திடுங்கள் என்றே சொல்வேன்.


மும்பையில் அறக்கட்டளை நிர்வாகி:

இங்கே தமிழர்கள் நடத்தும் கல்வி அறக்கட்டளை ஒன்றின் நிர்வாகத்தில் இருப்பதால் எழுதுகிறேன். ‘மகாராஷ்டிரத்தைப் போல’ என்ற சொற்றொடரை மனுவில் எழுதும் முன் இந்தச் சட்டம் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1950-இல் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டமாகப் பிறந்த இது, எல்லாப் பொது அறக்கட்டளைகளும் அறநிலை ஆணையரிடம் பதிய வேண்டும் என்கிறது. நன்மை பெரிது. ஓர் அறக்கட்டளையின் சொத்து என்ன, அறங்காவலர்கள் யார் என்பது பொதுப் பதிவேட்டில் இருக்கும். தவறு செய்த அறங்காவலரை இடைநீக்கம் செய்யவும் நீக்கவும் வழி உண்டு. இந்தச் சட்டத்தின் பலத்தில்தான் இங்குள்ள பெரிய அறக்கட்டளை மருத்துவமனைகள் தம் படுக்கைகளில் பத்து விழுக்காட்டை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டியிருக்கிறது. வரிச் சட்டத்தால் இதைச் செய்திருக்க முடியாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அறங்காவலர் ஒருவர் இறந்து புதியவர் வந்தால் 90 நாட்களுக்குள் மாறுதல் அறிக்கை கொடுக்க வேண்டும்; அதன் மேல் ஆட்சேபம் கேட்டு முடிந்த பிறகுதான் பதிவேட்டில் பெயர் நிலையாக ஏறும். உட்பூசல் உள்ள அறக்கட்டளையில் யாராவது ஒருவர் ஆட்சேபித்தால் அது முழு வழக்காகவே ஆகிவிடும். சொத்தை விற்க மட்டுமல்ல, கட்டடத்தை மூன்றாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் 36-ஆம் பிரிவின் கீழ் முன்அனுமதி வேண்டும். கோடிக்கணக்கில் சொத்து வைத்திருப்பவருக்கு இது தேவையான கட்டு. அறுபது பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுத்துப் பாடம் சொல்லித்தரும் உங்களுக்கும் அதே கட்டு, அதே வழக்கறிஞர் செலவு என்றால் தாங்க மாட்டீர்கள்.

ஆகவே மனுவை வேறோர் இடத்திலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2008-இல் தந்த ஒன்பதாவது அறிக்கையில் இதற்கென்றே பரிந்துரைகள் உள்ளன. அறக்கட்டளை, சங்கம் இரண்டையும் ஒருசேர அடக்கும் மாதிரிச் சட்டம் ஒன்றை மத்திய அரசு வரைய வேண்டும். மாநிலந்தோறும் அறநிலை ஆணையம் அமைய வேண்டும். தலைவராக மாவட்ட நீதிபதிகள் வரிசையில் இருந்து ஒருவர், உறுப்பினர்களில் ஒருவர் தன்னார்வத் துறையைச் சேர்ந்தவர் என்று அது சொல்கிறது. நமக்கு முக்கியமானது, ஆண்டு வருமானம் பத்து லட்ச ரூபாய்க்குக் கீழே உள்ள அமைப்புகளுக்கு அறிக்கை, அனுமதி முதலிய கடமைகள் இலேசாக இருக்க வேண்டும், அந்த வரம்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை உயர்த்திப் பார்க்க வேண்டும் என்ற பரிந்துரை. அதற்கு முந்தைய ஆண்டு, 2007-இல் வெளியான தன்னார்வத் துறைக்கான தேசியக் கொள்கையும், எளிமையான மத்தியச் சட்டம் ஒன்றின் சாத்தியத்தை ஆராயலாம் என்றது. மத்தியில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. ஆனால் அறக்கட்டளைகள் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலமே முன்வந்து செய்யத் தடையில்லை.

ஒன்றை மட்டும் உறுதியாகக் கேளுங்கள். ஆணையம் ஒரு துறையின் கீழ் அலுவலகமாக இருக்கக் கூடாது. அரசுக்குப் பிடிக்காத கருத்தைச் சொன்ன அமைப்பின் மேல் பாயும் கருவியாக அது மாறிவிட்டால், இன்று சட்டம் இல்லாததால் படும் துன்பத்தை விட அது பெரிய துன்பமாகிவிடும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தைப் பாருங்கள். நிர்வாகச் செலவு வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆக்கி, பெற்ற நிதியை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை முற்றிலும் தடுத்தபோது, பெரிய அமைப்பிடம் பெற்றுக் கிராமத்தில் வேலை செய்துவந்த சிறியவைதான் முதலில் அடிபட்டன. வரைவை எழுதும் மேசையில் சிறியவர்களும் அமராவிட்டால் இங்கும் அதுவே நடக்கும்.


நன்கொடையாளர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை:

நான் கொடுப்பவர்கள் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஓய்வூதியத்திலிருந்து மூன்று அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் சிறு தொகை அனுப்புகிறேன். ரசீதும் வரிச் சான்றும் வருகின்றன. பணம் என்ன ஆயிற்று என்ற கணக்கு ஓர் அமைப்பிடமிருந்து மட்டும்தான் வருகிறது, அதுவும் அவர்களாக விரும்பி அனுப்புவது. மற்ற இரண்டின் கணக்கைப் பார்க்க எனக்கு எந்த வழியும் இல்லை.

வகுப்பில் கல்வெட்டுப் பாடம் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சுட்டிக்காட்டுவேன். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரியச் சோழர் காலத்தில் தொண்ணூற்றாறு ஆடு கொடுப்பார்கள். யார் கொடுத்தார், ஆடுகளை எந்த இடையர் ஏற்றார், நாள்தோறும் உழக்கு நெய் அவர் அளக்க வேண்டும் என்பது வரை கோயில் சுவரிலேயே வெட்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் நின்று வாசித்து, நெய் வருகிறதா என்று கேட்கலாம். பத்திரத்தைப் புத்தகத்தில் மூடி வைத்திருக்கிறோம் என்று மேலே ஐயா எழுதியதைப் படித்தபோது அந்தச் சுவர்கள்தான் நினைவுக்கு வந்தன. புதிய சட்டம் வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், ஒவ்வோர் அறக்கட்டளையின் பத்திரமும், அறங்காவலர் பெயர்களும், ஒரு பக்க வரவுசெலவும் எவரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டால் நானும் கையெழுத்திடுகிறேன்.


மாலைப்பள்ளிப் பொருளாளர்:

எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று மாலை எங்கள் அறங்காவலர் கூட்டத்தில் இந்தப் பதில்கள் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ‘மகாராஷ்டிரத்தைப் போல’ என்பதை நீக்கிவிட்டு, 2008 அறிக்கையின் பரிந்துரைகளைச் சுட்டி மனுவைத் திருத்தித் தந்தால் கையெழுத்திடுவது என்று முடிவாயிற்று. அம்மா சொன்ன ஒரு பக்கக் கணக்கைச் சட்டம் வரும்வரை காத்திராமல் இந்த ஆண்டு முதலே பள்ளி வாசலில் ஒட்டவும் தீர்மானித்திருக்கிறோம்.

ஆனால் எங்கள் தலைமை ஆசிரியை ஒரு கேள்வி எழுப்பினார். அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பத்து லட்சத்துக்குக் கீழே வருமானம் உள்ளவர்களுக்கு இலேசான கடமை என்றால் நமக்கு நல்லதுதான். ஆனால் அந்தச் சத்திரம்? எட்டுக் கடைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3,840 ரூபாய்தான் கணக்கில் வரவு. அந்த வரம்பின்படி அது நம்மை விட ஏழை அறக்கட்டளை. வருமானத்தை மறைப்பவரே சலுகை பெறும்படி ஆகிவிடாதா என்று கேட்டார்.


பட்டயக் கணக்காளர்:

தலைமை ஆசிரியை அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். 2008 அறிக்கை, சிறிய அமைப்பிலும் முறைகேடு தெரிந்தால் நடவடிக்கை உண்டு என்று சொல்லித்தான் அந்தச் சலுகையைத் தருகிறது. ஆனால் முறைகேடு எப்படித் தெரியவரும் என்பதற்கு வருமான வரம்பில் விடை இல்லை. இத்தனை நாள் இந்தக் கோணத்தில் நானும் யோசிக்கவில்லை.

எனக்குத் தோன்றுவது இது. வரம்பு வருமானத்தை மட்டும் பார்க்கக் கூடாது; அறக்கட்டளையின் அசையாச் சொத்துக்கு அரசின் வழிகாட்டி மதிப்பு என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஆறு சென்ட் கட்டடம் போல அறக்கட்டளை தானே பயன்படுத்தும் இடத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிடலாம். பிறருக்கு வாடகைக்கோ குத்தகைக்கோ விட்ட இடம் ஒரு சதுர அடி இருந்தாலும், யாருக்கு, எவ்வளவுக்கு, எத்தனை ஆண்டுக்கு, அவர் அறங்காவலர் எவருக்கேனும் உறவா என்ற நான்கு விவரங்களையும் ஆண்டுதோறும் தாக்கல் செய்து வெளியிட வேண்டும். இதற்கு வருமான வரம்பே கூடாது. முன்அனுமதி கேட்டு அலைய வேண்டியதில்லை, ஆனால் மறைக்கவும் முடியாது. கடைக்கு நாற்பது ரூபாய் என்று ஊர் பார்க்க எழுத வேண்டியிருந்தால் அந்தச் சத்திரத்து அறங்காவலர்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்கலாம்.

திருத்திய மனுவின் வரைவை இங்கே இடுங்கள். அந்த நான்கு விவரங்களுக்கான பத்தியை நான் எழுதித் தருகிறேன். பதிவுத்துறை ஐயா, 57-ஆம் பிரிவைப் பற்றிய பத்தியை நீங்கள் எழுதினால் பொருத்தமாக இருக்கும். பதிவுச் சட்டத்தைத் தொடாமலே, பொது அறக்கட்டளைப் பத்திரங்களின் நகல் மட்டும் ஆணையத்தின் பதிவேட்டுக்குப் போகும்படி வழி செய்ய முடியுமா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.